இரண்டரை வயதுக் குட்டியில் ஏறலாமா? கோட்டையூர்ப் பக்கத்துச் சின்ன லாயத்திலிருந்து

#1 செம்மண்லாயம்

எல்லாருக்கும் வணக்கம். கோட்டையூர் தாண்டி ஒரு மாந்தோப்பு ஓரத்தில் ஐந்து குதிரைகளோடு சின்ன லாயம் வைத்திருக்கிறேன். காலையில் பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லித் தருகிறேன். மற்ற நேரம் குட்டிகளைப் பழக்குகிறேன்.

ஆடி முடிந்ததிலிருந்து மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்துவிட்டார்கள். அந்தியூர்ச் சந்தையில் குட்டி பிடித்து வந்திருக்கிறார்கள். "இரண்டு வயசு தாண்டிருச்சுண்ணே, ஏறிப் பழக்கிக் கொடுங்க. தை முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு விடணும்" என்கிறார்கள். மூன்று பேரிடமும் முடியாது என்றுதான் சொன்னேன். ஒருவர் கோபித்துக்கொண்டு வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார். அவர் குட்டியை நினைத்து இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் முடியாது என்கிறேன் என்பதற்குக் காரணம் என் கையிலேயே நடந்த ஒன்று. ஏழு வருஷத்துக்கு முன்னால் மூன்று வயதைத் தொடாத ஒரு மயிலைக் குதிரையை அவசரமாகப் பழக்கினேன். நாற்பது நாளில் ஏறி, நடக்கவிட்டு, ஓட்டிவிட்டேன். ஊரே பாராட்டியது. ஒரு கல்யாணத்துக்குக் கேட்டார்கள், அனுப்பினேன். ஊருணிக்கரை திரும்பும்போது பக்கத்தில் சரவெடி வைத்துவிட்டார்கள். குதிரை பின்வாங்கி, சிமெண்ட் ரோட்டில் நான்கு காலும் சறுக்கி விழுந்தது. மாப்பிள்ளைக்கு மணிக்கட்டு முறிந்தது. குதிரைக்கு இரண்டு முட்டியும் எலும்பு தெரியக் கிழிந்துவிட்டது. காயம் இரண்டு மாதத்தில் ஆறியது. ஆனால் அதற்கப்புறம் சேணத்தைக் கையில் எடுத்தாலே அதன் வயிறு உள்ளே இழுத்துக்கொள்ளும், கண்ணில் வெள்ளை தெரியும். கடைசி வரை அது மாறவில்லை. தப்பு வெடி வைத்தவர் மேல் இல்லை. வெடி என்றால் என்ன என்று அதற்கு நான் சொல்லித் தந்திருக்கவில்லை.

இப்போது என்னிடம் சிட்டு என்று ஒரு செவலைப் பெட்டை இருக்கிறாள். மூன்றே கால் வயது. வந்து பதினான்கு மாதம் ஆகிறது. இன்னும் யாரும் அவள் மேல் ஏறியதில்லை. ஆனால் தலைக்கயிறு போட்டால் இரண்டு பக்கமும் கூட நடப்பாள், "நில்" என்றால் நிற்பாள், நான்கு காலையும் தூக்கித் தருவாள், சேணம் போட்டால் வாயை மென்றுகொண்டு நிற்பாள்.

இந்தப் பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்? மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

#2 வண்டிப்பந்தயம்_தேவகோட்டை

தம்பி, நல்ல எண்ணத்தோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன். நானும் என் தகப்பனாரும் பந்தயத்துக்கு வண்டிக்குதிரை பழக்கியவர்கள். இரண்டு வயதிலேயே வண்டியில் பூட்டிவிடுவோம். குட்டியிலேயே பழக்கினால்தான் சொன்னபடி கேட்கும். நாலு வயது வரை தோப்பில் சும்மா விட்டால் அதற்குத் திமிர் ஏறிவிடும், அப்புறம் யார் அடக்குவது? எங்கள் காலத்தில் எல்லாக் குதிரையும் நன்றாகத்தான் ஓடின.

அப்புறம் குதிரைக்கு உடம்பில் மயிர் சுழன்றிருக்கும் சுழி முக்கியம். சுழி கெட்டிருந்தால் எவ்வளவு பழக்கினாலும் அது ஆளைத் தள்ளும். உங்கள் மயிலைக்கு நெற்றிச் சுழி எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

#3 புதுவயல்பையன்

அண்ணே, நல்ல நேரத்தில் இந்த இழை கண்ணில் பட்டது. நானும் இந்த வருஷம் சந்தையில்தான் வாங்கினேன். பஞ்சகல்யாணி, நாலு காலும் நெற்றியும் வெள்ளை. நாலு வயசு, ஏறிப் பழகியது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். சுழி எல்லாம் பார்த்துத்தான் வாங்கினோம், குறை ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஒழுங்காக இருந்தது. பத்து நாளாக ஏறின உடனே முதுகை வில் மாதிரி வளைத்து எம்புகிறது. மூன்று தடவை விழுந்துவிட்டேன். யூடியூபில் பார்த்து லகானைச் சுருக்கிப் பிடித்தேன், இன்னும் மோசமாகிறது. வேறு கடிவாளம் மாற்றச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

#4 கால்நடைமருத்துவர்_சிவகங்கை

புதுவயல் தம்பி, கடிவாளம் மாற்றுவதற்கு முன்னால் இரண்டு வேலை செய்யுங்கள். இன்றைக்கு ஏற வேண்டாம்.

ஒன்று, உதட்டை விலக்கி முன்பற்களைப் பாருங்கள். பால்பல் சின்னதாக, வெள்ளையாக, ஈறு அருகே குறுகி இருக்கும். நிலைப்பல் பெரிதாக, கொஞ்சம் மஞ்சளாக, அகலமாக இருக்கும். மேலேயும் கீழேயும் நடுவில் எத்தனை பெரிய பல் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள்.

இரண்டு, தையல்காரர் டேப் வாங்கி, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளவெடுங்கள். அப்புறம் தோள்முனையிலிருந்து புட்டத்தின் பின்முனை வரை நீளம். இரண்டும் செ.மீ.யில் வேண்டும். உங்கள் எடை, சேணத்தின் எடையும் சொல்லுங்கள்.

#5 புதுவயல்பையன்

டாக்டர் சார், மேலே நடுவில் இரண்டு பெரிய பல், கீழே நடுவில் இரண்டு. பக்கத்தில் எல்லாம் சின்னப் பல்தான். நெஞ்சுச் சுற்று 150, நீளமும் 150. நான் 74 கிலோ. சேணம் தூக்கிப் பார்த்தேன், 8 கிலோ இருக்கும்.

#6 கால்நடைமருத்துவர்_சிவகங்கை

நினைத்தேன். நடு ஜோடி பால்பல் விழுந்து நிலைப்பல் வருவது ஏறத்தாழ இரண்டரை வயதில். அடுத்த ஜோடி மூன்றரையில், ஓர ஜோடி நாலரையில். உங்கள் குதிரைக்கு நடு ஜோடி மட்டும்தான் மாறியிருக்கிறது. அதாவது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில். நாலு வயது இல்லை.

இப்போது எடை. நெஞ்சுச் சுற்றை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கணக்கு ஏறத்தாழ வரும். உங்கள் கணக்குப்படி 284 கிலோ. வளர்ந்து முடிந்த, உடம்பு தேறிய குதிரையே தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பொதுவாக வைத்திருக்கும் அளவு. சேணத்தையும் சேர்த்து அது 57 கிலோதான் வருகிறது. நீங்கள் சேணத்தோடு 82 கிலோ. இந்தக் குட்டிக்கு அது பெரிய பாரம். முதுகை வளைத்து எம்புவது திமிர் இல்லை, வலி. சேணத்துக்கு அடியில் முதுகெலும்பின் இரு பக்கமும் விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். சதை துடித்து முதுகு கீழே இறங்கினால் வலி இருக்கிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியும் உங்களுக்கு ரொம்பத் தூரமில்லை.

தேவகோட்டை ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. எலும்பின் நுனியில் வளர்தட்டு, அதாவது எலும்பு வளரும் குருத்துப் பகுதி, இருக்கிறது. வளர்ச்சி முடிந்ததும் அது எலும்பாகி மூடும். குளம்புக்குப் பக்கத்தில் இருப்பது சீக்கிரம் மூடிவிடும், முன்னங்கால் முட்டிக்கு மேலே இருப்பது மூட இரண்டு, இரண்டரை வயது ஆகும். கடைசியாக மூடுவது முதுகெலும்பு. அதற்கு ஐந்தரை, ஆறு வயது ஆகிறது. வண்டி இழுக்கும்போது பாரம் தோளிலும் நெஞ்சிலும். சவாரியில் பாரம் நேராக முதுகின் நடுவில். அதனால் உங்கள் வண்டிக் கணக்கை அப்படியே சவாரிக்கு வைக்க முடியாது.

அதே சமயம் குட்டியைக் கட்டிப்போட்டு வளர்ப்பதும் தப்பு. எலும்பும் தசைநாரும் உறுதியாக வேண்டுமென்றால் அது தானாக ஓடித் திரிய வேண்டும். பாரம் வேண்டாம், ஓட்டம் வேண்டும். வட்டக்கயிற்றில் சின்ன வட்டமாகச் சுற்றவிடுவதும் கணுக்காலுக்கு ஆகாது. வட்டத்தின் குறுக்களவு பதினைந்து இருபது மீட்டராவது இருக்கட்டும், பத்து நிமிஷத்தோடு நிறுத்துங்கள்.

#7 கிண்டி_ரைடிங்பாய்

நான் இளவயதில் கிண்டி ரேஸ் கோர்ஸில் ரைடிங் பாயாக, அதாவது பந்தயக் குதிரைகளில் ஏறிப் பயிற்சி கொடுக்கும் ஆளாக, வேலை பார்த்தவன். இப்போது கண்டனூரில் கடை வைத்திருக்கிறேன். ரேஸில் இரண்டு வயதுக் குதிரைகள் ஓடத்தானே செய்கின்றன என்று யாராவது கேட்பீர்கள், அதனால் முந்திச் சொல்கிறேன். ஓடுகின்றன. ஆனால் அவை 450 கிலோ ஜாதிக் குதிரை, ஏறுகிற ஆள் ஐம்பது கிலோ சொச்சம். தினமும் டாக்டர் கால் தடவிப் பார்ப்பார். பழக்கும் தரை ஆழமாகக் கிளறிவிட்ட மண். அப்படி இருந்தும் முன்னங்காலின் முன்பக்க எலும்பு வீங்கி, தசைநார் பிய்ந்து நான்கு வயதிலேயே வெளியே வந்த குதிரைகளை என் கையால் லாரியில் ஏற்றியிருக்கிறேன். அந்தக் கணக்கை நம் ஊர்க் குட்டிக்குப் போடாதீர்கள். நம் ஊர்ச் செம்புறாங்கல் தரை வெயிலில் இரும்பு மாதிரி.

#8 வண்டிப்பந்தயம்_தேவகோட்டை

டாக்டர் சொன்ன வண்டிக்கும் சவாரிக்கும் உள்ள வித்தியாசம் புரிகிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுழியைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் பாட்டனார் காலத்திலிருந்து பார்ப்பது.

#9 செம்மண்லாயம்

ஐயா, உங்கள் வயசுக்கும் கைப்பழக்கத்துக்கும் மரியாதை வைத்தே சொல்கிறேன். சந்தையில் சுழி பார்க்காமல் யாரும் விலை பேசுவதில்லை, எனக்குத் தெரியும். நல்ல சுழி என்றால் விலை ஏறும், கெட்ட சுழி என்றால் நல்ல குதிரையும் விலை போகாமல் நிற்கும். என் வெள்ளச்சி அப்படித்தான் எனக்குக் கிடைத்தாள். யாரும் வாங்காத சுழி. பதினான்கு வயதாகிறது, நூற்றுக்கு மேல் பிள்ளைகள் அவள் முதுகில் உட்கார்ந்து பழகியிருக்கிறார்கள், ஒரு பிள்ளையைக்கூட அவள் தள்ளியதில்லை. என் மயிலைக்கோ சுழி எல்லாம் பிரமாதம். நான் கண்ணால் கண்டது இதுதான். புதுவயல் தம்பியிடமும் சுழியைக் காட்டியிருக்கிறார்கள், பல்லைக் காட்டவில்லை.

தம்பி, சங்கடப்படாதே. உன் குதிரை கெட்டுப்போகவில்லை. முதலில் முதுகு வலி தீரட்டும். அப்புறம் ஏறாமல் செய்ய வேண்டிய வேலை ஒரு வருஷத்துக்கு இருக்கிறது. சிட்டுவுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதல் பாடம் கயிறு. தலைக்கயிற்றைப் பிடித்து முன்பக்கம் மெல்ல ஒரு இழுப்பு, அவ்வளவுதான், அதற்கு மேல் கூட்டாதே. அது யோசிக்கும். ஒரு காலை எடுத்து வைக்கும். வைத்த அந்த நொடியில் கயிறு தொங்கிவிட வேண்டும். கயிறு தளர்வதுதான் அதற்குக் கூலி. நீ ஒரு நொடி தாமதித்தால் "நடந்தாலும் இழுக்கிறான், நின்றாலும் இழுக்கிறான்" என்று அது கற்றுக்கொண்டுவிடும். எல்லாப் பழக்கமும் இந்த ஒரு நொடியில்தான் இருக்கிறது. சிட்டுவோடு முதல் நாள் கால் மணி நேரத்தில் ஏழு அடிதான் நடந்தோம். ஏழாவது அடியில் தலையைத் தாழ்த்தி நாக்கால் உதட்டை நக்கினாள். அதோடு கயிற்றைக் கழற்றிவிட்டேன்.

எதைச் செய்தாலும் இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியாகச் செய். குதிரைக்குக் கண் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது. ஏறத்தாழ சுற்றி முழுக்கப் பார்க்கும், ஆனால் மூக்குக்கு நேர் எதிரிலும் வாலுக்கு நேர் பின்னாலும் ஒன்றும் தெரியாது. இடக்கண்ணுக்குப் பழகிய சாக்கு வலக்கண் பக்கம் வந்தால் அதற்குப் புதுச் சாக்கு. பின்னால் போக வேண்டுமென்றால் பேசிக்கொண்டே, உடம்பில் கை வைத்துக்கொண்டே போ.

சேணத்துக்கு அவசரமே இல்லை. நான் முதலில் காலிச் சாக்கைத் தோளில் தேய்த்தேன், பிறகு முதுகில் போட்டு எடுத்தேன், பிறகு போட்டபடியே நடத்தினேன். அதன் பின் சேண விரிப்பு. அப்புறம் அங்கவடி (ஏறுபவர் பாதம் வைக்கும் வளையம்) இல்லாத சேணம். வயிற்று வாரை ஒரே இழுப்பில் இறுக்காதே. ஒரு துளை, நாலு அடி நடை, இன்னொரு துளை. சிட்டு முதல் தடவை வார் கட்டியபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு கல்லாகி நின்றாள். குதிரை அப்படி அசையாமல் நின்றால் சமாதானமாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. அது வெடிக்கப் போகிற நிலை. தளர்த்திவிட்டு, அவள் பெருமூச்சு விடும் வரை காத்திருந்தேன். இருபது நிமிஷம் ஆனது. மறுநாள் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

வேட்டுச் சத்தத்துக்கு ஒரு வழி. கொள்ளு வைக்கும் நேரத்தில் தூரத்தில் போனில் தவில், வெடிச் சத்தம் மெல்லியதாகப் போடுவேன். தின்பதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் சத்தம் அதிகம் என்று அர்த்தம், குறைத்துவிடுவேன். வாரத்துக்குக் கொஞ்சமாகக் கிட்டே கொண்டு வருவேன். இது ஆறு மாத வேலை. மயிலைக்கு நான் செய்யாமல் விட்டது இது.

#10 பள்ளத்தூர்_அம்மா

நான் இதில் புதிது. என் மகள் ஒன்பது வயது, செம்மண்லாயம் அண்ணனிடம்தான் சேர்த்திருக்கிறேன். அவள் எதிரில் கேட்க மனசில்லை, இங்கே கேட்கிறேன். மூன்று வாரம் ஆகிறது. இன்னும் ஒரு நாளும் அவளைத் தனியாகக் குதிரையில் விடவில்லை. தேய்க்கிறாள், சாணி அள்ளுகிறாள், கயிற்றைப் பிடித்து நடக்கிறாள். ஏறினாலும் லகானைக் கையில் கொடுப்பதில்லை. வேறு ஊரில் முதல் நாளே ஓட்டவிட்டு வீடியோ எடுத்துக் கொடுக்கிறார்களாம். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் குதிரையை அழகாக நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் இந்தியக் குழுவுக்குத் தங்கம் கிடைத்ததைப் பார்த்துத்தான் அவள் ஆசைப்பட்டாள். மகள் ஒன்றும் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் வருகிறாள். எனக்குத்தான் புரியவில்லை.

#11 செம்மண்லாயம்

அக்கா, நேரிலேயே கேட்டிருக்கலாம், கேட்டால் வருத்தமே பட மாட்டேன். இங்கே கேட்டதும் நல்லதுதான், மற்றவர்களும் படிப்பார்கள்.

லகான் ஏன் இல்லை என்றால், லகானின் மறுமுனை குதிரையின் வாயில் இருக்கிறது. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளம் அந்த ஈற்றின் மேல்தான் உட்கார்கிறது. மெல்லிய தோல், அதற்கு அடியில் எலும்பு. புதிதாக ஏறும் பிள்ளை தடுமாறினால் கையில் இருப்பதைப் பிடித்துத் தொங்கும். யாராக இருந்தாலும் அப்படித்தான். அந்தத் தொங்கல் முழுக்க வெள்ளச்சியின் ஈற்றில் விழும். ஆறு மாதம் அப்படி வாங்கினால் எந்தக் குதிரைக்கும் வாய் மரத்துப்போகும். அப்புறம் லகானை இழுத்தாலும் நிற்காது. அதனால் முதலில் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையை விரித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நடையில் உட்காரப் பழக வேண்டும். கயிறு என் கையில். கை எதையும் பிடிக்காமல் உடம்பு நிற்கப் பழகின பிறகுதான் லகான்.

உங்கள் மகளைப் பற்றி ஒன்று சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை வெள்ளச்சியின் முன் வலக்காலைத் தூக்கிக் குளம்பைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தாள். "அண்ணே, இந்தக் கால் மட்டும் சூடா இருக்கு" என்றாள். நான் காலையில் தடவியபோது கவனிக்கவில்லை. குளம்பின் நடுவில் இருக்கும் தவளைச் சதைக்கு ஓரமாக ஒரு சீமைக்கருவேல முள் ஒடிந்து உள்ளே இருந்தது. ஒரு சிறு கரும்புள்ளி, அவ்வளவுதான் வெளியே தெரிந்தது. எடுத்துக் கழுவி, மருந்து வைத்து, டெட்டனஸ் ஊசி தேதி பார்த்தோம். இன்னும் இரண்டு நாள் கவனிக்காமல் விட்டிருந்தால் சீழ் கட்டி நடக்க முடியாமல் ஆகியிருக்கும். ஒன்பது வயதுப் பிள்ளை. மூன்று வாரமாகத் தினம் அந்தக் காலைத் தொட்டதால் வந்த அறிவு அது.

அடுத்த வாரம் டிராட் (மெல்லோட்டம்) ஆரம்பிக்கிறோம். குதிரை இரண்டு இரண்டு காலாக மாற்றி வைக்கும், அந்தத் தாளத்தோடு எழுந்து உட்கார வேண்டும். கரகம் ஆடுகிற பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும், நான் பார்த்திருக்கிறேன். ஹெல்மெட் இல்லாமல் ஏறவே கூடாது. செருப்போடும் வரக் கூடாது. குதிகால் வைத்த, பாதம் மூடின ஷூ வேண்டும். பாதம் அங்கவடியில் முழுக்க நுழைந்து மாட்டிக்கொண்டால் விழுந்த பிள்ளையைக் குதிரை இழுத்துக்கொண்டு போகும். எனக்கு இருக்கும் பெரிய பயமே அதுதான். அதனால் இரண்டாம் நாளே, நிற்கும் குதிரையிலிருந்து இரண்டு அங்கவடியையும் உதறிவிட்டுக் கீழே குதிக்கச் சொல்லித் தந்துவிடுகிறேன். உங்கள் மகள் இதை இருபது தடவைக்கு மேல் செய்திருக்கிறாள், வீட்டில் சொன்னாளா தெரியவில்லை.

#12 பள்ளத்தூர்_அம்மா

முள் எடுத்ததைச் சொன்னாள் அண்ணே. அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள் என்பதைச் சொல்லவில்லை. குதிப்பதைச் சொல்லவே இல்லை! நிதானமாகவே சொல்லிக்கொடுங்கள். ஷூ இந்த வாரம் வாங்கிவிடுகிறேன்.

வீட்டில் அப்பச்சி வேறு ஒன்று சொல்லச் சொன்னார்கள். ஆவுடையார்கோயில் நமக்குப் பக்கம்தானே, நரி பரியான கதையைச் சொல்லி, "குதிரை என்றால் அந்தக் காலத்தில் கப்பலில் வந்த சொத்து, ராஜா கஜானாவையே கொடுத்து அனுப்பினார், சும்மா விளையாட்டுச் சாமான் இல்லை" என்று மகளிடம் சொன்னார்கள். திருமயம் போகிற வழியில் நமணசமுத்திரம் பக்கம் அய்யனார் கோயில் மண்குதிரைகளைக் காட்டவும் கூட்டிப்போனார்கள். ஒவ்வொன்றின் வாயிலும் கடிவாளம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தாளாம்.

#13 கால்நடைமருத்துவர்_சிவகங்கை

அப்பச்சி சொன்னது உண்மை. பாண்டிய நாட்டுக்கு அரபுக் கரையிலிருந்து வருஷம்தோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, வந்த குதிரைகளில் பெரும்பாலானவை பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் செத்தன, சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் கொடுத்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்றைக்கும் என்னிடம் வரும் வயிற்று வலிக் குதிரைகளில் பாதி அப்படித்தான். விசேஷ வீட்டில் மிஞ்சிய சோறு, பொங்கல், வடை. அன்பாகத்தான் வைக்கிறார்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது புளித்துப் பொங்கினால் வெளியே வர வழியில்லை. குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால், காலால் தரையைத் தட்டினால், புரண்டால், சாணி போடவில்லை என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். சீமைக்கருவேல நெற்றையும் ஆசையாகத் தின்னும், அதிகமானால் குடலை அடைக்கும். காய் உதிரும் பருவத்தில் மேய்ச்சலைக் கவனியுங்கள். நாள் முழுக்கப் புல்லும் தட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ன வேண்டிய மிருகம் அது. கொள்ளு ஊறவைத்து அளவாகக் கொடுத்தால் போதும்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாரம் இழுக்கும், சுமக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் வருஷத்து விதியே, 37 டிகிரிக்கு மேல் போகும் இடங்களில் நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்கிறது. சித்திரை வைகாசியில் நம் ஊர் அதைச் சுலபமாகத் தாண்டும். மதிய ஊர்வலத்துக்குக் கேட்பவர்களிடம் இதைச் சொல்லி மறுக்கலாம். அதே விதியில் முள் வைத்த கடிவாளத்துக்கும் தடை இருக்கிறது.

புதுவயல் தம்பி, சந்தையிலிருந்து வந்த குதிரையை மற்றக் குதிரைகளோடு மூன்று வாரமாவது சேர்க்காதீர்கள். மூக்கில் கெட்டிச் சளியோ புண்ணோ கண்டால் மறைக்காமல் சொல்லுங்கள். கிளாண்டர்ஸ் என்ற நோய் மனிதருக்கும் ஒட்டும். அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு.

#14 வண்டிப்பந்தயம்_தேவகோட்டை

முள் கடிவாளம் என்று டாக்டர் எழுதியதைப் படித்துவிட்டுப் பரணில் ஏறினேன். தகப்பனார் வைத்திருந்தது ஒன்று இருந்தது. உருட்டுக் கம்பியில் நெல்மணி அளவுக்கு முள். நானும் போட்டிருக்கிறேன். வாயில் ரத்தம் வந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாளும் போடுவோம். அப்போது அது தப்பென்று யாரும் சொன்னதில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. செம்மண்லாயம் தம்பி ஈற்றைப் பற்றி எழுதியதைப் படித்தபின் என் கீழ்த்தாடையை விரலால் அழுத்திப் பார்த்தேன்.

அதை இரும்புக் கடையில் போட்டுவிட்டேன். சுழி விஷயத்தில் மட்டும் என் மனசு இன்னும் ஒப்பவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் இனி பல்லையும் பார்க்கச் சொல்வேன்.

#15 கிண்டி_ரைடிங்பாய்

ஐயா, பெரிய மனசு.

ஒரு யோசனை. கண்மாய் வற்றும் மாசி, பங்குனியில் உள்வாய் மண் மெத்தென்று இருக்கும். ரோட்டைவிட அங்கே பழக்கினால் குளம்புக்கும் காலுக்கும் நல்லது. முந்தின நாள் போய் முள்ளும் பாட்டிலும் பொறுக்கிவிட வேண்டும். வெடிப்பு விட்ட இடத்தில் மட்டும் ஓட்டக் கூடாது, கால் மாட்டும். லாடம் கட்டுபவர் வர ஏழெட்டு வாரத்துக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். குளம்பு நீண்டால் நடை மாறும், நடை மாறினால் முதுகும் வலிக்கும்.

#16 புதுவயல்பையன்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், உடனே எழுத முடியவில்லை.

முதுகில் டாக்டர் சொன்ன மாதிரியே வலி இருந்தது. அழுத்தினால் குனிந்தது. மருத்துவமனையில் பார்த்து மருந்து கொடுத்தார்கள், ஓய்வு என்றார்கள். சேணமும் பொருந்தவில்லையாம், தோள் மேட்டில் உரசிய இடத்தில் வெள்ளை மயிர் முளைக்க ஆரம்பித்திருக்கிறது. அந்தச் சேணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏறுவதை விட்டுவிட்டேன். கூட்டாளிகள் கேட்கத்தான் செய்கிறார்கள், "குதிரையை ஆட்டுக்குட்டி மாதிரி கயிற்றில் கூட்டிட்டுத் திரியிற" என்று. முதல் வாரம் கஷ்டமாக இருந்தது.

கயிற்றுப் பாடம் பண்ணினேன் அண்ணே. முதல் மூன்று நாள் நான்தான் தாமதமாகத் தளர்த்தினேன், அது குழம்பியது. நாலாவது நாள் கண்ணை அதன் முன்னங்கால் மேல் வைத்துக்கொண்டு, கால் அசைந்த உடனே விட்டேன். அப்புறம் ஒரே நாளில் மாறிவிட்டது. இப்போது நான் நின்றால் நிற்கிறது. நேற்று வாசலில் கேட்டைத் திறந்ததும் தானாக வந்து தலையைத் தாழ்த்தித் தலைக்கயிற்றுக்குள் மூக்கை விட்டது. வாங்கியதிலிருந்து அது என் பக்கம் தானாக வந்தது நேற்றுத்தான்.

இரண்டு சந்தேகம். வலப்பக்கம் போனால் மட்டும் இன்னும் தலையைத் தூக்குகிறது. அப்புறம் பின்னங்காலைத் தூக்கினால் இழுத்துக்கொள்கிறது, உதைப்பதில்லை.

#17 செம்மண்லாயம்

தம்பி, படித்துவிட்டு மனசு நிறைந்துவிட்டது.

வலப்பக்கம்: எல்லாரும் இடப்பக்கமே நின்று கட்டி, இடப்பக்கமே தீனி வைத்து வளர்த்திருப்பார்கள். இரண்டு வாரத்துக்குத் தண்ணீர், கொள்ளு, தேய்ப்பு எல்லாமே வலப்பக்கத்திலிருந்து செய். அந்தப் பக்கக் கண் சரியாகத் தெரிகிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடு. கையை மெல்ல அசைத்து இமைக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பின்னங்கால்: தூக்காதே. முதலில் இடுப்பிலிருந்து தொடை வழியாகக் கையைக் கீழே வழித்துக்கொண்டு போ, இழுத்தால் கையும் அதோடு போகட்டும், பிடுங்காதே. கால் தரையில் ஊன்றி நின்றதும் கையை எடு. பிறகு குளம்பு நுனி மட்டும் தரையில் நிற்கும் அளவுக்கு ஒரு நொடி. அப்படியே கூட்டிக்கொண்டு போ. இது நேரில் காட்டினால் ஐந்து நிமிஷம், எழுதினால் புரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு லாயத்துக்கு வா. தேவகோட்டை ஐயாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், பின்னங்கால் தூக்குவதில் அவர் கையைப் பார்க்க வேண்டும் என்று எனக்கே ஆசை. அன்றைக்குச் சிட்டுவின் முதுகில் முதல் தடவையாக ஓர் ஆள் வயிற்றை வைத்துச் சாய்ந்து படுக்கப் போகிறோம். ஏறப் போவதில்லை, சாய்வது மட்டும்தான். பள்ளத்தூர் அக்கா மகள் 26 கிலோ இருக்கிறாள், அவள்தான் வேண்டும் என்று கேட்டாள். ஆனால் முதல் ஆள் பிள்ளையாக இருக்கக் கூடாது என்பதால் கிண்டி அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் 52 கிலோதானாம். மகள் தலைப்பக்கம் நின்று சிட்டுவிடம் பேசிக்கொண்டிருப்பாள்.

உன் பஞ்சகல்யாணியைக் கூட்டி வராதே, டாக்டர் சொன்ன ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும். நீ மட்டும் வா. மூடின ஷூ போட்டுக்கொண்டு வா.